வீட்டுல செஞ்ச கார் மேட்டுல நின்னுடுச்சா? இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

ஆறு மாசம் உழைச்சிருப்பீங்க. பழைய மாருதி 800 ஒன்றின் இன்ஜின், வெல்டிங் பட்டறையில் பைப் வளைத்து அடித்த சேஸிஸ், யாரோ வேண்டாம்னு கழற்றிப் போட்ட சீட்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில், வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தகரக் கொட்டகையில் ஒரு கார் உருவாகிடுச்சு. சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டும் ஆச்சு. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சாச்சு. மறுநாள் மரவள்ளிக் காட்டை ஒட்டின மண் பாதையில் ஒரு ரவுண்டு போனா, மேடு ஏறும்போது ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு.

உடனே சுத்தி நிக்கிறவங்க ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வாங்க. "கார்பரேட்டர் போச்சு." "கேஸ்கெட் அடிச்சிருக்கும்." "இன்ஜினை இறக்கிடு தம்பி, வேற வழியில்லை."

அந்தக் கடைசி யோசனையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைங்க. ஷோரூம் கார் நின்னா, 'எந்த பார்ட் தேய்ஞ்சது'ன்னு தேடணும். வீட்டில் கட்டின கார் நின்னா, தேட வேண்டிய இடமே வேற. இன்ஜினைச் செஞ்சது கம்பெனி. அதைச் சுத்தி இருக்கிற பெட்ரோல் பைப், வயரிங், ரேடியேட்டர், டேங்க், சைலன்ஸர் எல்லாம் நீங்க செஞ்சது. அதனால சந்தேகம் முதலில் நீங்க செஞ்சது மேலதான் வரணும். கேட்க கொஞ்சம் கஷ்டமா இருக்கும். ஆனா, அதுதான் காசையும் நேரத்தையும் காப்பாத்தும்.

பெரியவங்க வண்டியும் நின்னிருக்கு

உலகத்தின் முதல் நெடுந்தூர கார் பயணமே வீட்டுப் பட்டறை வண்டியில் நடந்த ரிப்பேர் பயணம்தான். 1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூணு சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கிட்டு, ரெண்டு மகன்களோட ஜெர்மனியின் மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைச்சுது; தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். வயர் உரசி கரன்ட் கசிஞ்சது; காலுறையைப் பிடிக்கிற பட்டையைச் சுத்தி இன்சுலேஷன் போட்டார். பிரேக் தேய்ஞ்சது, செருப்பு தைப்பவரிடம் தோல் வெச்சு அடிச்சுக்கிட்டார். குளிர்விக்கிற தண்ணியைப் போற வழியெல்லாம் நிரப்பினார். மேடு வந்தப்போ பசங்க இறங்கித் தள்ளினாங்க. ஊர் திரும்பினதும் அவர் சொன்ன குறைகளைக் கேட்டு, மேடு ஏற வண்டிக்குக் கூடுதலா ஒரு கியர் சேர்த்தார் கார்ல் பென்ஸ்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. குழாய், வயர், பிரேக், தண்ணி, கியர். இன்ஜினுக்குள்ளே ஒரு கோளாறும் இல்லை!

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவரதன், 1980-களில் மாருதி 800 இன்ஜினை வெச்சே ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். அதுதான் 'ஃபார்முலா மாருதி'. குடும்பக் காருக்காகத் தயாரான 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின் அது. அதைச் சுத்தி அமைந்த சேஸிஸும் பாடியும்தான் அதை ரேஸ் கார் ஆக்கிச்சு. பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் இந்த வகைக் கார்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத்தான் தாங்கி நிக்குது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

ரிப்பேர் ஆர்வத்தில் மறந்துபோற விஷயங்கள் இவை. இதுல ஒண்ணு தப்பினாலும், போறது கார் மட்டும் இல்லை.

* மூடின கொட்டகையில் இன்ஜினை ஓட விடாதீங்க. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, மயக்கம்னு உணர்றதுக்குள்ள எழுந்து வெளியே வர தெம்பு இருக்காது. கதவைத் திறந்து வைக்கிறது போதாது. வண்டியை வெளியே தள்ளிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்க.
* பெட்ரோல் தீயில் தண்ணி ஊத்தாதீங்க. தீ மிதந்து பரவும். ஏபிசி பவுடர் வகை தீயணைப்பான் ஒண்ணு கை எட்டும் தூரத்தில் இருக்கணும்.
* பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.
* வண்டிக்கு அடியில் போகணும்னா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. ஸ்டாண்டு போட்டுட்டுப் போங்க.
* ஓட்டுறவர் கைக்கு எட்டுற இடத்தில், எல்லாக் கரன்ட்டையும் ஒரே அடியில் நிறுத்துற 'கில் ஸ்விட்ச்' கண்டிப்பா வேணும்.

நாலே கேள்விதான்

பெட்ரோல் இன்ஜின் எதுவா இருந்தாலும் அது கேட்கிறது நாலு விஷயம்: காற்று, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன். இந்த நாலும் சரியான அளவில், சரியான நேரத்தில் வந்தா ஓடியே தீரும். ஓடலைன்னா இதுல ஒண்ணு வரலை. எது வரலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

இதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யணும். பிளக்கையும் மாத்தி, கார்பரேட்டர் ஸ்க்ரூவையும் திருப்பி, டைமிங்கையும் நகர்த்திட்டா, வண்டி ஓடினாலும் எதனால ஓடிச்சுன்னு தெரியாது. அடுத்த தடவை நின்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

செல்ஃப் எடுக்கவே இல்லையா?

சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லாரும் பேட்டரியைத்தான் திட்டுவாங்க. மல்டிமீட்டரை எடுங்க. சும்மா இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினா பேட்டரி பலவீனம். இறங்கலைன்னா பேட்டரி நிரபராதி.

அடுத்த குற்றவாளி 'பாடி எர்த்'. வீட்டில் கட்டின வண்டிகளில் இதுதான் நம்பர் ஒன் கோளாறு. இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது ரப்பர் மவுன்ட்டிங் மேல. ரப்பரில் கரன்ட் போகாது. சேஸிஸுக்கோ அழகா பெயின்ட் அடிச்சிருப்பீங்க. பெயின்ட்டிலும் கரன்ட் போகாது. தடிமனான எர்த் வயர் இன்ஜின் பிளாக்கில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கோ, பெயின்ட் சுரண்டின சேஸிஸ் இரும்புக்கோ நேரா போகணும்.

சோதிக்கிறது சுலபம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் சரியில்லை. எர்த் இல்லாத வண்டியில் செல்ஃப் கரன்ட் வேற வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா, கிளட்ச் கேபிள் வழியா திரும்பும். கேபிள் சூடாகுதுன்னா காரணம் கேபிள் இல்லை, எர்த்!

செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலையா?

பத்து செகண்ட் செல்ஃப் அடிச்சிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. அது பாதி ரிப்போர்ட்டைச் சொல்லிடும்.

* பிளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை. கார்பரேட்டர் வண்டியா? இன்ஜின் ஆஃபில், ஆறின நிலையில், ஏர் ஃபில்டரைக் கழற்றிட்டு கார்பரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை இழுங்க. உள்ளே பெட்ரோல் பீய்ச்சி அடிச்சா கிண்ணம் வரைக்கும் பெட்ரோல் வந்திருக்கு. அடிக்கலைன்னா ஃபில்டர், பம்ப், பைப், டேங்க்னு பின்னோக்கிப் போங்க. செல்ஃப் அடிக்கும்போது முகத்தைக் கார்பரேட்டர் பக்கம் கொண்டுபோகாதீங்க.
* பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க் இல்லை. அல்லது அளவுக்கு மீறி ஊறிப்போச்சு. நல்ல பிளக் ஒண்ணை வயரில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படுற மாதிரி கிளிப் போட்டு, பெட்ரோல் ஈரமும் திறந்திருக்கிற பிளக் ஓட்டையும் இல்லாத இடத்தில் வெச்சு செல்ஃப் அடிங்க. பளிச்சுனு நீலமா வெடிச்சா சரி. மங்கலா மஞ்சளா வந்தாலோ, வராவிட்டாலோ காயில், வயர், எர்த் பாருங்க. கையில் பிடிச்சுக்கிட்டு சோதிக்கிற வீரம் வேண்டாம்.
* ரெண்டும் சரி, ஆனா பின்பக்கமா வெடிக்குதா? பிளக் வயர் வரிசை மாறியிருக்கும். மாருதி 800-ல் வெடிக்கிற வரிசை 1-3-2. இன்ஜினை இறக்கும்போது போட்டோ எடுக்காதவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மாத்தி மாட்டியிருப்பாங்க.

பெட்ரோலும் ஸ்பார்க்கும் இருந்தும் உயிரே வரலைன்னா, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து வெச்சுட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. உள்ளே தெரியுற கேம்ஷாஃப்ட் அசையலைன்னா டைமிங் பெல்ட் அறுந்திருக்கு. பழைய இன்ஜின் வாங்கினவுடனே, வண்டியில் ஏத்துறதுக்கு முன்னாடியே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் மூணையும் மாத்திடுங்க. வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை. உள்ளே ஏத்தின பிறகு ரெண்டு நாள்.

கடைசியா கம்ப்ரஷன். மெக்கானிக்குகளிடம் கேஜ் இருக்கும், இரவல் கேளுங்க. ஸ்பார்க்கும் பெட்ரோலும் துண்டிச்சு, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிச்சு, ஒவ்வொரு சிலிண்டரா அளந்து எழுதுங்க. எண் எவ்வளவுங்கிறதைவிட, மூணு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காங்கிறதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் குறைவா இருந்தா அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. எண் ஏறினா ரிங் தேய்மானம். ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இன்ஜினைப் பிரிக்கிறதா வேண்டாமான்னு பேச ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான்.

பைக் இன்ஜின் போட்டவங்களுக்கு

பைக் இன்ஜின் வெச்சுக் கட்டின வண்டியில் எல்லாம் சரியா இருந்தும் ஸ்பார்க் வரலையா? பைக் விழுந்தா இன்ஜினை நிறுத்துற சாய்வு சென்சார் பல பைக்குகளில் உண்டு. அதை நீங்க படுக்க வெச்சு மாட்டியிருந்தா, 'வண்டி கவிழ்ந்து கிடக்கு'ன்னு இசியூ நினைச்சுக்கும். பைக்கில் எந்த நிலையில் நின்னதோ அதே நிலையில் மாட்டுங்க. சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் வயர்களையும் பாருங்க.

காற்றால் குளிர்கிற இன்ஜின்னா இன்னொரு சிக்கல். பைக்கில் அதன் மேல நேரா காற்று அடிச்சது. நீங்க அதை சீட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்க. தகரத்தில் காற்றுப் பாதை ஒண்ணும், மின்விசிறி ஒண்ணும் வைக்காம அது தாங்காது.

கார் இன்ஜினிலேயே பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வகையா? சாவி போட்டதும் டேங்க் பக்கம் ரெண்டு செகண்ட் 'விர்ர்'னு பம்ப் சத்தம் வரணும். இம்மொபிலைஸர் இருக்கிற கார்னா இசியூ, இம்மொபிலைஸர், சாவி மூணும் ஒரே காரில் இருந்து வந்திருக்கணும். புதுப்பேட்டைக்குப் போய் இன்ஜின் வாங்கும்போதே மூணையும் சேர்த்துக் கேளுங்க. இன்ஜின் நம்பரோட பில்லும் கேட்டு வாங்குங்க. திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா, ரிப்பேரைவிட பெரிய தலைவலி அது.

பத்து நிமிஷம் ஓடி நிக்குதா?

நிக்கிற அந்த நொடியில், டேங்க் மூடியைத் திறங்க. 'ஸ்ஸ்ஸ்'னு காற்றை உள்ளே இழுத்து, அதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆனா, கேஸ் முடிஞ்சது. கேனையோ, நீங்களே வெல்டிங் அடிச்ச பெட்டியையோ டேங்க் ஆக்கியிருப்பீங்க; காற்று உள்ளே போக வழி வெச்சிருக்க மாட்டீங்க. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாம போகும். ஒரு வென்ட் குழாய் போதும். வண்டி கவிழ்ந்தாலும் பெட்ரோல் வழியாதபடி வால்வோட போடுங்க.

மூடி திறந்தும் பலன் இல்லைன்னா, சைலன்ஸர் பக்கத்தில் பெட்ரோல் பைப் போகுதான்னு பாருங்க. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டி அடைச்சுக்கும். அரை மணி நேரம் ஆறினா தானா ஸ்டார்ட் ஆகும். பைப்பைத் தள்ளிப் போடுறதும், நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைக்கிறதும்தான் தீர்வு. ஈரத்துணி சுத்துறது அவசர வைத்தியம் மட்டுமே.

அதுவும் இல்லையா? நின்னவுடனே, சூட்டோட சூடா ஸ்பார்க் பாருங்க. ஆறினா நல்லா இருக்கிற காயில், சூடானா செத்துப்போறது உண்டு. வீட்டுக்கு வந்து ஆறின பிறகு சோதிச்சா அது 'நான் நல்லவன்'னுதான் சொல்லும்.

டெம்பரேச்சர் முள் ஏறுதா?

ஷோரூம் காரில் ரேடியேட்டர் முன்னாடி, காற்றுக்கு நேரா இருக்கும். நீங்க இடம் கிடைச்ச பக்கம் வெச்சிருப்பீங்க. இந்த வரிசையில் பாருங்க.

1. ஃபேன் சரியான திசையில் சுத்துதா? வயர் மாறினா காற்று எதிர்ப்பக்கம் போகும். ஒரு காகிதத்தைப் பிடிச்சுப் பார்த்தா தெரியும்.
2. இன்ஜின் உச்சியைவிட ரேடியேட்டர் கீழே இருக்கா? அப்படின்னா மேலே காற்று சிக்கிக்கும். தண்ணி நிரப்புற வாயும், காற்றை வெளியேத்துற இடமும் சுற்றிலேயே உயரமான இடத்தில் இருக்கணும்.
3. காற்று ரேடியேட்டருக்குள்ளதான் போகுதா, இல்லை சைடில் தப்பிக்குதா? சுத்தி தகரமோ ரப்பரோ வெச்சு அடைங்க.
4. உப்புப் படியுற போர் தண்ணி ஊத்தியிருக்கீங்களா? உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். சுத்தமான தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி போடுங்க.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறதாலதான் உள்ளே தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கு. திறந்த நொடியில் அத்தனையும் முகத்தில் அடிக்கும்.

புகையும் பேசும். கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். நீலம்னா ஆயில் எரியுது. இனிப்பு வாசனையோட நிக்காத வெள்ளைப் புகைன்னா கூலன்ட் உள்ளே போகுது. ஆயிலும் பால் காபி மாதிரி ஆகியிருந்தா ஹெட் கேஸ்கெட். காலைக் குளிரில் ரெண்டு நிமிஷம் வர்ற வெள்ளை ஆவி மட்டும் சாதாரணம். ஆயில் பிரஷர் விளக்கு எரிஞ்சா யோசிக்கவே வேண்டாம்; உடனே ஆஃப்.

மேட்டில் மட்டும் நிக்குதா?

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வரலாம். சமதளத்தில் நல்லா ஓடுற வண்டி மேட்டில் நிக்குதுன்னா, முதல் சந்தேகம் டேங்க். மேடு ஏறும்போது பெட்ரோல் எல்லாம் பின்பக்கம் ஒதுங்கும். உறிஞ்சுற குழாய் முன்பக்கம் இருந்தா, பாதி டேங்க் இருந்தாலும் காற்றைத்தான் இழுக்கும். குழாயைப் பின்பக்கத்து அடியில், சின்னத் தடுப்புக்குள்ள வைங்க.

ரெண்டாவது கார்பரேட்டர். அதன் கிண்ணத்தில் மிதக்கிற ஃப்ளோட், வண்டியில் எந்தத் திசையைப் பார்த்து இருக்கணும்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்கும். நீங்க இன்ஜினைத் திருப்பி வெச்சிருந்தா மேட்டில் ஒண்ணு வழியும், இல்லை வறண்டுபோகும். மூணாவது ஆயில். சரிவில் ஆயில் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிச்சா பேரிங் போயிடும். ஆயில் அளவு எப்பவும் மேல் கோட்டில் இருக்கட்டும்.

மாணவர்கள் கட்டுற ஃபார்முலா ஸ்டூடன்ட் கார்களை, ஓட விடுறதுக்கு முன்னாடி ஒரு மேடையில் ஏத்தி 45 டிகிரி சாய்ச்சு 'பெட்ரோல் சிந்துதா'ன்னு பார்ப்பாங்க. அப்புறம் 60 டிகிரி சாய்ச்சு 'கவிழுதா'ன்னு பார்ப்பாங்க. சும்மா இல்லை!

கல்வராயன் மலை ஏறப் போறீங்களா?

ஒரு விஷயம் முதலில். வீட்டில் கட்டின, பதிவு எண் இல்லாத வண்டி பொதுச் சாலைக்கு வரக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. ஆர்.சி-யில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தி அமைக்கிறதை 52-வது பிரிவு தடுக்குது. இன்ஷூரன்ஸும் கிடைக்காது, யாராவது அடிபட்டா முழுப் பொறுப்பும் உங்க குடும்பத்து மேல விழும். உங்க சொந்தக் காட்டில், வேலிக்குள்ள ஓட்டுங்க. போட்டி வேணும்னா, கல்லூரியில் குழு சேர்த்து 'பாஹா', 'ஃபார்முலா பாரத்' மாதிரி மேடைகளுக்குப் போங்க.

ஆனா, ஆர்.சி உள்ள பழைய மாருதியை அதே வகை இன்ஜினோட வீட்டிலேயே பிரிச்சுக் கட்டினவங்க, பேப்பர் எல்லாம் சரியா இருந்தா, தாராளமா மலை ஏறலாம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை, கரியாலூர் போற பாதை உங்க வேலைக்கான உண்மையான பரீட்சை.

மேலே சுமார் 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். அதனால பிக்-அப் குறையும், புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும். அது கோளாறு இல்லை. அங்கேயே ஸ்க்ரூவைத் திருப்பி வெச்சா, கீழே இறங்கினதும் பெட்ரோல் போதாம இன்ஜின் சூடாகும். ஏறும்போது சின்ன கியரில், ஒரே சீரா போங்க. முள் ஏறினா ஏசியை அணைச்சு, வளைவில்லாத அகலமான இடத்தில் ஒதுக்குங்க. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை அணைக்காதீங்க, பிரேக் கட்டையாயிடும். எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்குங்க.

சிக்னலும் மெக்கானிக்கும் எல்லா வளைவிலும் கிடைக்காது. தண்ணி 5 லிட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், ஃப்யூஸ், ஒரு பிளக், இன்சுலேஷன் டேப், டார்ச். இவ்வளவும் டிக்கியில் இருந்தா போதும்.

கரும்பு ஊருக்காரங்க கவனிக்க

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்குக் கரும்பைப் பத்திச் சொல்ல வேண்டாம். அந்தக் கரும்பில் இருந்தும் கிடைக்கிற எத்தனால், இன்னிக்கு பங்க் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை கலந்திருக்கு. அதுதான் 'இ20'. பழைய கார்பரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் இதுக்காகச் செஞ்சது இல்லை. ஊறி, உப்பி, வெடிப்பு விடும். கசிவு வந்தா அடுத்தது தீ. அதனால 'ஓடுதே'ன்னு விடாம, எல்லாப் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்குற வகைக்கு மாத்துங்க. தோட்டத்து ட்யூபைப் பெட்ரோலுக்குப் போடவே போடாதீங்க.

எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். ஆறு மாசம் கொட்டகையில் நின்ன வண்டின்னா, டேங்க் அடியில் தண்ணி சேர்ந்திருக்கலாம். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடிச்சு அப்படியே வைங்க. ரெண்டு அடுக்கா பிரிஞ்சா மொத்தத்தையும் வடிச்சிடுங்க.

உங்க போன்தான் பெரிய டூல்

* கழற்றுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயருக்கும் ஒரு போட்டோ.
* வித்தியாசமான சத்தம் வந்தா உடனே ரெக்கார்டு. மெக்கானிக் அண்ணன்கிட்ட வாயால 'கடகட'ன்னு நடிச்சுக் காட்ட வேண்டாம்.
* நடுங்குற இன்ஜினை ஸ்லோமோஷனில் எடுங்க. எந்த மவுன்ட்டிங் ஆடுதுன்னு தெரியும்.
* லெவல் ஆப்பில் மேட்டின் கோணத்தை அளங்க. 'மேட்டில் நிக்குது'ன்னு சொல்றதைவிட '12 டிகிரியில் நிக்குது'ன்னு சொன்னா பாதி வேலை முடிஞ்சது.
* ஓபிடி போர்ட் இருக்கிற இன்ஜின்னா, புளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போனில் கோடு படிங்க. ஆனா, கோடு சொல்றது சந்தேகத்தை மட்டும்தான், தீர்ப்பை இல்லை.

இதோட ஒரு நாற்பது பக்க நோட்டும் வேணும். தேதி, என்ன கோளாறு, என்ன மாத்தினேன், என்ன ஆச்சு. நாலு கட்டம் போட்டு எழுதுங்க. கம்பெனி காருக்கு சர்வீஸ் மேனுவல் இருக்கு. உங்க காருக்கு உலகத்திலேயே மேனுவல் கிடையாது. நீங்க எழுதுற அந்த நோட்டுதான் மேனுவல்.

"இவ்வளவு காசைப் போட்டியே, இது எப்பதான் ஓடும்?"னு அப்பா கேட்பார். அந்த நேரத்தில் 'தெரியலைப்பா'ன்னு தலை குனியறதுக்கும், 'ஸ்பார்க் வருது, கம்ப்ரஷன் இருக்கு, டேங்க் குழாயைப் பின்னாடி மாத்திட்டா மேடு ஏறிடும்பா'ன்னு நோட்டைக் காட்டுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது பதிலைச் சொல்ற நாளில், உங்க கார் இன்னும் ஓட ஆரம்பிச்சிருக்காது. ஆனா, நீங்க மெக்கானிக் ஆகியிருப்பீங்க.